கன்றுக்குட்டி எவ்வளவு தூரம் வந்தது?

(தொடக்க வகுப்புகளில் கவிதை கற்பித்தல் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடை ஏறியதும் அவையடக்கம் சொல்வது நம் மரபு. எனக்கு அதில் சிரமமே இல்லை. அடக்கத்தோடு சொல்லிக்கொள்ள என்னிடம் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிது. புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்புத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பசுவும் கன்றும் பாட்டு, உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே வாயில் வந்திருக்கும். அதன் மையக்கருத்தை எழுதச் சொல்லி ஒரு கேள்வி. கையேட்டில் இருந்த விடை ‘தாயன்பின் சிறப்பு’. ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘கன்னுக்குட்டி தூரமா நின்னுச்சு. பசு கூப்பிட்டுச்சு. கிட்ட வந்துருச்சு.’ நான் சிவப்பு மையில் பெரிதாக ஒரு சுழி போட்டேன். ‘கதையைக் கேட்கவில்லை, கருத்தைக் கேட்டேன்’ என்று ஓரத்தில் அறிவுரை வேறு.

அந்தப் பையன் என்ன செய்திருந்தான் என்று எனக்குப் புரிய ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘சிறுவர்க்குப் பாட்டின் கருவும் கட்டமைப்பும்’. இவை இரண்டு பாடங்கள் அல்ல, ஒன்றுதான் என்பதை மூன்று வரியில் எழுதிக் காட்டியவனுக்குத்தான் நான் சுழி போட்டேன்.

முதலில் ‘மையக்கருத்து’ என்கிற சொல்லைப் பார்ப்போம். எட்டு வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்டால் என்ன ஆகிறது? பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நமக்கு என்ன விடை வேண்டும் என்பதை மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். பாட்டில் மரம் வந்தால் இயற்கை. எறும்பு வந்தால் உழைப்பு. காக்கா வந்தால் ஒற்றுமை. கொடி வந்தால் நாட்டுப்பற்று. அம்மா வந்தால் அன்பு. இந்த ஐந்து சொற்களை மனப்பாடம் செய்துகொண்ட பிள்ளை ஐந்தாம் வகுப்புவரை எந்தப் பாட்டையும் படிக்காமலேயே தேர்வில் தேறிவிடலாம். தேறியும் இருக்கிறார்கள்; அவர்களுள் சிலர் இப்போது ஆசிரியர்கள். (சிரிக்காதீர்கள். நானும் அப்படித் தேறி வந்தவள்தான்.)

‘எதைப் பற்றிய பாட்டு’ என்பது ஒன்று. ‘அதைப் பற்றி இந்தப் பாட்டு என்ன சொல்கிறது’ என்பது வேறு. மழையைப் பற்றி நூறு பாட்டு இருக்கலாம். ஒரு பாட்டில் மழை விருந்தாளி, இன்னொன்றில் கூரையை ஒழுகவைத்த பகையாளி. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட இலக்கணச் சொல் எதுவும் வேண்டியதில்லை. ‘மழையைப் பத்தின பாட்டுதான், சரி. மழை வந்ததுல இந்தப் பாட்டு பாடுறவங்களுக்குச் சந்தோஷமா, வருத்தமா? எந்த வரியில தெரிஞ்சுது?’ என்று கேட்டால் போதும். கேள்வியின் பின்பாதிதான் முக்கியம். எந்த வரியில் தெரிந்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லும்போதுதான் பிள்ளை பாட்டுக்குள் போகிறது.

இனி அந்தப் பசுவுக்கு வருகிறேன்.

கவிமணி 1876-இல் குமரி மாவட்டத்துத் தேரூரில் பிறந்தவர், 1954-இல் மறைந்தார். ஆசிரியராகவே வாழ்ந்தவர். அந்தப் பாட்டில் ஆசிரியரின் கை தெரியும். எட்டே வரிகளில் நான்கு இணைகள். ஒவ்வொரு இணையிலும் முதல் வரி பசுவுக்கு, அடுத்தது கன்றுக்கு. பசுவின் வரி ஒவ்வொரு முறையும் பசுவிலேயே முடியும், கன்றின் வரி கன்றிலேயே முடியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்திப் பாடவைத்தால், இந்த அமைப்பை யாரும் சொல்லித்தர வேண்டாம். தன் முறை எப்போது வருகிறது என்று ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதை எனக்குக் காட்டியது ஒரு சாக்பீஸ். வகுப்பறையில் இடமில்லாத ஒரு நாள், வேப்பமரத்தடியில் பிள்ளைகளை வைத்து அந்தப் பாட்டை நடித்துப் பார்த்தோம். ஒருத்தி பசு, ஒருவன் கன்று. ஒவ்வொரு இணை முடிந்ததும் கன்று எங்கே நிற்கிறது என்று திண்ணையில் ஒரு கோடு போடச் சொன்னேன். முதல் இணையில் பசு மேய்கிறது, கன்று அதன் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம். இரண்டாவதில் பசு குரல் கொடுக்கிறது, கன்று பக்கத்தில் ஓடிவருகிறது. மூன்றாவதில் நாக்கு தொட்டுவிட்டது, பால் குடிக்கிறது. நான்காவதில் முத்தமும் மடியில் முட்டுவதுமாக இடைவெளியே இல்லை. நான்கு கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கி நெருங்கிப் போய் ஒட்டிக்கொண்டன. பாட்டு முழுவதிலும் ‘அன்பு’ என்கிற சொல்லே கிடையாது. தேவைப்படவில்லை. இடைவெளி குறைவதுதான் அந்தப் பாட்டின் கட்டமைப்பு. அதன் கருவும் அதுவேதான்.

தூரமாக நின்றது, கூப்பிட்டது, கிட்ட வந்தது. சுழி வாங்கிய பையன் எழுதியதும் இதைத்தான். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்கு முகம் சுட்டது.

நம் மொழியில் இதற்கெல்லாம் வழி இல்லையா, வெளியிலிருந்து ஏதாவது பயிற்சி முறை வந்தால்தான் உண்டா என்று பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்பார்கள். எனக்குத் தொல்காப்பியம் முழுதாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் செய்யுளியலை நான் ஆசிரியக் கண்ணோடு படித்திருக்கிறேன். பொருளதிகாரத்தின் எட்டாவது இயல் அது. அங்கே செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்லப்படுகின்றன. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி, தொடை ஆகியவை நமக்குப் பள்ளியிலேயே பழக்கம். ஆனால் அதே வரிசையில், அதே மரியாதையோடு, வேறு சிலவும் வருகின்றன: கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம். யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, அதனால் என்ன விளைகிறது, என்ன உணர்ச்சி, எது சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது, குறிப்பால் எதை உணர்கிறோம். அவற்றைச் சீருக்கும் அடிக்கும் பக்கத்திலேயே வைத்து உறுப்பு என்கிறார் தொல்காப்பியர். இவை இல்லாவிட்டால் பாட்டு ஊனம் என்பதுபோல.

பின்னால் என்ன நடந்தது? யாப்பிலக்கணம் தனி நூலாக வளர்ந்தது. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஆறு உறுப்புகளை எடுத்துக்கொண்டு அவற்றை அருமையாக விளக்கியது. நம் பள்ளிப் பாடநூல்களுக்கு இறங்கி வந்தது இந்த ஆறுதான். காரிகையைக் குறை சொல்லவில்லை. அதன் வேலை வேறு. ஆனால் கூற்றும் கேட்போரும் களனும் எச்சமும் வழியில் நின்றுவிட்டன. ஆறு உறுப்பு ‘கட்டமைப்பு’ ஆகிவிட்டது. ‘கருத்து’ அநாதையாகி, கேள்வித்தாளின் கடைசியில் இரண்டு மதிப்பெண்ணாக உட்கார்ந்துகொண்டது.

சங்க அகப்பாடல்களைத் தொகுத்தவர்களைப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் கீழும் ஒரு சிறு குறிப்பு இருக்கும்: இன்னார், இன்னாரிடம், இன்ன நேரத்தில் சொன்னது. தலைவி கூற்று, தோழி கூற்று என்று. ‘பாட்டின் கருத்து இது’ என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. யார் யாரிடம் எப்போது பேசினார் என்பதைக் கொடுத்துவிட்டால் மீதியைப் படிப்பவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையையும் அப்படி நம்பலாம் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

உதாரணத்துக்குத் தாலாட்டு. நான் இதை நான்காம் வகுப்பில் எடுப்பேன். புத்தகத்தில் இருப்பதை அல்ல, அவரவர் வீட்டில் பாட்டி பாடுவதைக் கேட்டு வரச் சொல்வேன். நம் ஊர்த் தாலாட்டுகளில் ஒரு வகை உண்டு. அழுகிற குழந்தையிடம் உன்னை யார் அடித்தது என்று கேட்டு, மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா, சித்தப்பன் அடித்தானா என்று சொந்தபந்தம் முழுவதையும் வரிசையாக விசாரிக்கும் பாட்டு. அவர்கள் அடித்ததாகச் சொல்லும் ஆயுதம் பெரும்பாலும் பூவாகவே இருக்கும். ஒரு வரியின் சட்டம் அப்படியே நிற்கும். உறவின் பெயரும் பூவின் பெயரும் மட்டும் மாறிக்கொண்டே போகும்.

‘யார் பாடுறாங்க?’ அம்மா. ‘யார்கிட்ட?’ பாப்பாகிட்ட. ‘எங்கே, எப்போ?’ தொட்டில்கிட்ட, ராத்திரி. இதுவரை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ‘சரி, கடைசியில யார்தான் அடிச்சது?’ என்று கேட்டேன் ஒரு வருடம். வகுப்பு குழம்பிப்போனது. ஒருவன் மாமா என்றான், ஒருத்தி அத்தை என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்:

“யாருமே அடிக்கல டீச்சர். அவங்க சும்மா கேக்குறாங்க.”

“சும்மா எதுக்கும்மா கேக்கணும்?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவளே சொன்னாள்: “உனக்கு இத்தனை பேரு இருக்காங்கன்னு சொல்றதுக்கு.”

நான் அன்று கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லை என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். பாட்டி வளர்த்த பிள்ளை. வரிசையாக அடுக்கிக்கொண்டே போவது என்கிற அமைப்பு எதற்காக என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். அடுக்கு வரிசையில் ஒவ்வொரு உறவாகத் தொட்டிலைச் சுற்றி வந்து நிற்கிறது. தொட்டில் நடுவில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வருவதை ‘மீண்டும் வரும் சொற்களை எடுத்து எழுதுக’ என்று கேட்டிருந்தால், அவள் பத்துச் சொல்லை எடுத்து எழுதிவிட்டு மணி அடித்ததும் போயிருப்பாள்.

கட்டமைப்பு வேறு, கரு வேறு என்று பிரித்துக் காட்ட வேண்டிய இடமும் உண்டு. அதற்கு ஆத்திசூடியைவிடச் சிறந்த கருவி எனக்குக் கிடைத்ததில்லை. ஔவையின் ஆத்திசூடி 109 வரி. அகரவரிசையில் போகிறது. ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரிக்கும் பொருள் தொடர்பு தேட வேண்டியதில்லை, எழுத்துதான் தொடர்பு. பிள்ளைகள் இதை ‘அகராதி மாதிரி’ என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். எழுத்து கற்கும்போதே நீதியும் காதில் விழட்டும் என்று போட்ட சட்டகம் அது. பாரதி அதே சட்டகத்தை எடுத்துக்கொண்டு புதிய ஆத்திசூடி எழுதினார், 110 வரி. அகரத்துக்கு ஔவை அறத்தைப் பேசினார் என்றால் பாரதி அச்சத்தைப் பிடித்து உலுக்குகிறார். ஐந்தாம் வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து, ‘ரெண்டு பேரும் ஒரே பாத்திரம்தான் வச்சிருக்காங்க. உள்ளே போட்டிருக்கிறது ஒண்ணா?’ என்று கேட்பேன். ஔவைப் பாட்டி சொல்வதெல்லாம் வீட்டில் சொல்வது மாதிரி, பாரதி சொல்வது வெளியில் சண்டைக்குப் போகும்போது சொல்வது மாதிரி என்றான் ஒருவன். ஆய்வேடுகளில்கூட இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

அப்புறம் அவர்களே ஒரு வகுப்பறை ஆத்திசூடி எழுதுவார்கள். அதில் அடிப்பவனைப் பற்றியும், சத்துணவு வரிசையில் முந்துபவனைப் பற்றியும், அழிரப்பரைத் திருப்பித் தராதவனைப் பற்றியும் நிறைய நீதி இருக்கும். ஙகர வரிசையில் சொல் கிடைக்காமல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். எடுத்துக்கொண்ட வடிவம் நம்மை எங்கே இழுத்துப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தச் சொறிதல் நல்லது.

ஓசைக்கு வருவோம். அசை பிரிப்பது என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே காய்ச்சல் வரும். அதைத் தொடக்கப் பள்ளியில் பேசலாமா என்று கேட்பீர்கள். வாய்பாட்டை உண்டாக்கியவர்கள் அதற்குத் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று மரத்தின் பெயர்களை அல்லவா வைத்தார்கள்? பிள்ளைகளின் பெயரையே எடுத்துக்கொள்வேன். கை தட்டிச் சொல்ல வேண்டும். மாலா என்றால் தேமா. முருகன் புளிமா. தேன்மொழி கூவிளம். கனிமொழி கருவிளம். விதியைச் சொல்வதில்லை, குறிலும் நெடிலும் ஒற்றும் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தட்டிப் பார், எந்த மரத்தோடு உன் பெயர் ஒத்துப்போகிறது என்று கேள், அவ்வளவுதான். அன்பரசன் என்ற பெயர் கூவிளங்காய் என்று வந்தபோது ‘நான் மட்டும் காயா’ என்று ஒரு குட்டிப் பையன் அழுதேவிட்டான். அடுத்த நாள் வீட்டில் எல்லார் பெயரையும் தட்டிப் பார்த்து, தாத்தாவும் காய்தான் என்று கண்டுபிடித்து வந்த பிறகுதான் சமாதானம் ஆனான்.

எதுகை மோனை விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை நெடுநாளாக உண்டு. ‘எதுகைச் சொற்களை எடுத்து எழுதுக’ என்று கேட்கிறோம். பிள்ளை இரண்டாம் எழுத்தைப் பார்த்து எழுதிவிடுகிறது. காது அங்கே வேலை செய்யவே இல்லை. எழுத்தைப் பொறுக்குவது கண். என் வழி வேறு: சொல்லை மாற்றிப் பார்ப்பது. எதுகை வரும் இடத்தில் அதே பொருளுள்ள வேறு சொல்லைப் போட்டுப் பாடச் சொல்லுங்கள். எங்கோ சக்கரம் பள்ளத்தில் இறங்கியதுபோல் வகுப்பே முகம் சுளிக்கும். ஒரு சொல் ஏன் அங்கே இருக்கிறது என்பது, அதை எடுத்துவிட்டால்தான் தெரிகிறது.

இதற்காக நானே சில வரிகள் கட்டி வைத்திருந்தேன். நான் கவிஞர் இல்லை. பெரிய கவிஞர்களின் பாட்டைக் கத்தரிக்கோலால் வெட்டக் கை வராது என்பதால் எழுதியது:

தாத்தா வைத்தார் வேப்பங்கன்று,
தண்ணீர் விட்டார் அப்பா;
ஆடு கடித்தது ஒரு கிளை,
ஆடிக் காற்றில் ஒரு கிளை;
மீதிக் கிளையில் ஊஞ்சல் ஆட
நான் வந்தேனே இப்போ!

ஆறு வரியையும் ஆறு சீட்டாக வெட்டி, கலைத்து, குழுவுக்கு ஒரு தொகுப்பு கொடுப்பேன். வரிசைப்படுத்த வேண்டும். ‘தாத்தா’வுக்குப் பின் ‘தண்ணீர்’ வருவதைக் காது காட்டிக்கொடுத்துவிடும். ‘ஆடு’ம் ‘ஆடி’யும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சில குழுக்கள் கடைசி இரண்டு வரியைத் தூக்கி முதலில் வைக்கும்: ஊஞ்சல் ஆட வந்தேன் என்று தொடங்கி, பிறகு தாத்தா, அப்பா, ஆடு, காற்று. அதுவும் பொருள்படும். தவறு என்று சொல்லாதீர்கள். இரண்டையும் படிக்கவைத்து ‘எதுல உனக்கு ஊஞ்சல் ஆட ஆசை வருது? எதுல மரத்தைப் பார்த்துப் பாவம்னு தோணுது?’ என்று கேளுங்கள். ஊஞ்சல் முதலில் வந்தால் அது ஊஞ்சல் பாட்டு. மரம் வெறும் பின்கதை. ஊஞ்சல் கடைசியில் வந்தால், இரண்டு பேர் கொடுத்து, இரண்டு பேர் பிடுங்கி, மிச்சம் இருந்தது எனக்கு வந்தது என்று ஆகிவிடுகிறது. வரிகள் அதே ஆறுதான். வைப்புமுறை மாறியதும் பாட்டே வேறாகிவிட்டது. கட்டமைப்பு என்றால் என்ன என்று விளக்க நான் வேறு எதுவும் சொன்னதில்லை.

ஒரு முறை இப்படி நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பையன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: “தாத்தா இப்போ எங்க டீச்சர்?”

எழுதிய எனக்கே தெரியாது. தாத்தாவை முதல் வரியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். சொல்லாமல் விட்டதைப் பாட்டின் உறுப்பாகவே வைத்து ‘எச்சம்’ என்று பெயரும் கொடுத்தார்களே, அதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செய்யுளியலில் ‘நோக்கு’ என்றும் ஓர் உறுப்பு உண்டு. படிப்பவரை மேலே நகர விடாமல் நிறுத்தி, திரும்பிப் பார்க்கச் செய்வது. உரையாசிரியர் பேராசிரியர் அதை விளக்க அகநானூற்றுப் பாட்டு ஒன்றை எடுத்துச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுகிறார். அவர் பெரிய புலவர். என் பையன் மூன்றாம் வகுப்பு. இருவரும் செய்தது ஒரே காரியம்.

தொல்காப்பியத்தில் விடுகதைக்கும் இடம் உண்டு. ‘பிசி’ என்று பெயர். உவமையும் உருவகமும் பிள்ளைகளுக்கு அந்நியம் என்று நினைப்பவர்கள் மதிய உணவு நேரத்தில் அவர்கள் போட்டுக்கொள்ளும் விடுகதைகளைக் கேட்க வேண்டும். விடையை மறைத்து வைத்த உருவகம்தானே விடுகதை? உருவகம் உள்ள பாட்டு வரும்போது அதை முதலில் விடுகதையாக மாற்றிக் கேட்டுவிட்டுப் பாட்டுக்குள் போங்கள். பாதி வேலை முடிந்திருக்கும்.

பயிற்சி வகுப்புகளில் இதையெல்லாம் சொல்லும்போது எழும் மறுப்பு எனக்குத் தெரியும். நேரம் எங்கே இருக்கிறது? பதிவேடு இருக்கிறது, செயலி இருக்கிறது, வருகைப் பதிவு இருக்கிறது, ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உண்மைதான். நானும் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவள்தான். ஆனால் ஒரு பாட்டுக்கு நாம் இப்போது செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அருஞ்சொற்பொருள், பாடலின் பொருள், ஆசிரியர் குறிப்பு, கோடிட்ட இடம், பிரித்து எழுதுக, சேர்த்து எழுதுக, எதிர்ச்சொல். இதில் ஒன்றுகூடப் பாட்டுக்கே உரியதல்ல. உரைநடைப் பாடத்துக்கும் இதையேதான் செய்கிறோம். இவற்றில் இரண்டை விட்டால் சாக்பீஸ் கோட்டுக்கு நேரம் கிடைக்கும்.

2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, கீழ் வகுப்புகளில் பாட்டும் ஆட்டமும் பொம்மலாட்டமும் நிறைய வந்திருக்கின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சி. பிள்ளைகள் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். பாடி முடித்த பின் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறோமா என்பதுதான் என் கவலை. அபிநயம் பிடிப்பது புரிந்துகொண்டதாகாது. எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி கையை ஆட்டுகிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். மழைக்கும் அதே ஆட்டம், மாம்பழத்துக்கும் அதே ஆட்டம்.

மனப்பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் காலத்தில் மனப்பாடத்தைத் திட்டுவது நாகரிகமாகிவிட்டது. நான் மனப்பாடத்தின் பக்கம். வாயில் இல்லாத பாட்டின் கட்டமைப்பைப் பிள்ளையிடம் பேசவே முடியாது. புத்தகத்தை மூடிய பிறகும் பாட்டு அதனிடம் இருந்தால்தான் இரண்டாம் வரியையும் ஏழாம் வரியையும் ஒப்பிட முடியும். இராயவரத்தில் 1922-இல் பிறந்து, இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதிக் குவித்த அழ. வள்ளியப்பாவின் பாட்டுகள் இன்றும் அறுபது வயதுக்காரர்களின் வாயில் இருக்கின்றனவே, அவை மனப்பாடப் பகுதி என்பதாலா? பாடினார்கள், அதனால் தங்கின. ஒரே மூச்சில், ஒரே சுருதியில், தலையை ஆட்டிக்கொண்டு ஒப்பிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்கிறேன். கன்று துள்ளும் வரிக்கும், பசு நக்கிக்கொடுக்கும் வரிக்கும் ஒரே குரல் எப்படிப் பொருந்தும்?

சுழி போட்ட கதையில் தொடங்கினேன். அதே பாட்டோடு முடித்துக்கொள்கிறேன். நான் ஓய்வு பெற்ற ஆண்டு, இரண்டாம் வகுப்பில் கடைசியாக ஒருமுறை அந்தப் பசுவை எடுத்தேன். பாட்டில் பேச்சு என்று வருவது ஒரே ஓர் இடம்தான்: பசு ‘அம்மா’ என்று குரல் கொடுக்கும் இடம். வழக்கம்போல் ‘யார் பேசுறது? யார்கிட்ட?’ என்று கேட்டேன். பசு, கன்றுக்குட்டியிடம் என்றார்கள். ஒரு வாண்டு எழுந்து நின்றது.

“டீச்சர், பசுதானே அம்மா? அது ஏன் அம்மான்னு கூப்பிடுது? கன்னுக்குட்டிதானே கூப்பிடணும்?”

முப்பது ஆண்டுகளாக அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அது தோன்றியதே இல்லை. மாடு கத்துவது அப்படித்தானே நம் காதில் விழும் என்று விளக்கப் போனேன். அதற்குள் ஒரு சிறுமி கை தூக்கிவிட்டாள்.

“கன்னுக்குட்டிக்குச் சொல்லிக் குடுக்குது டீச்சர். எங்க அம்மாவும் தங்கச்சிப் பாப்பாகிட்ட ‘அம்மா சொல்லு, அம்மா சொல்லு’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்.”

எல்லாரும் மறுபடியும் ஒருமுறை பாடினார்கள். இந்த முறை அந்த வரியை மட்டும் மெதுவாக, பாப்பாவிடம் சொல்வதுபோல் பாடினார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே.